உப்போடைக்கு வந்த ஆறாவது ஆல்பம்

எங்கள் உப்போடைக்கு எதுவும் வரவேண்டிய காலத்தில் வந்தது கிடையாது. ரயில் வரும் வரும் என்று ஸ்டேஷனுக்கு ஒதுக்கி வைத்த இடத்தில் இன்றைக்கும் ஆடு மேய்கிறது, பெல்பாட்டம் பேன்ட் மற்ற ஊர்களில் தரை துடைக்கப் போன பிறகு எங்கள் ஊர் மாப்பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு, இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பவுடரும் ஜிகினாவும் பூசிக்கொண்டு கிதார் வாசித்த டின்சல் கசின்ஸ் என்ற பாட்டுக் குழுவின் ஆறாவது ஆல்பம், அந்தத் தேசத்திலேயே எவனும் சீந்தாமல் குப்பைக்குப் போன பிறகு, பழைய பிளாஸ்டிக் என்ற பெயரில் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அந்த நான்கு பேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் அவர்களைக் கும்பிடாதவர்கள் இல்லை, அவர்கள் யார் என்று கேட்டவர்களும் இல்லை. ஆண்பிள்ளைகள்தான், ஆனால் கண்ணைச் சுற்றி நீல மை, கன்னத்தில் ஜிகினா, கழுத்தில் கொத்தாக இறகு மாலை, காலில் சாண் உயரத்துக்குக் குதிகால் செருப்பு. இள வயதில் அவர்கள் பாடிய பாட்டெல்லாம் ஒரே பாட்டுத்தான்: என்னைப் பார், நான் எவ்வளவு அழகு, உன் தெரு எவ்வளவு அசிங்கம். சீமைக்காரர்கள் அதைக் கேட்டுச் சொக்கிப்போய் இவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள், பிறகு கழுத்து வலித்ததும் இறக்கிவிட்டார்கள். ஆறாவது ஆல்பம் வருவதற்குள் நாலு பேருக்கும் தொப்பை விழுந்து, நெற்றி பின்வாங்கி, இருந்தும் அதே ஜிகினாவோடு அட்டையில் நின்றிருந்தார்கள், அங்கே உள்ள பத்திரிகைக்காரர்கள் "இன்னுமா?" என்று ஒரே வார்த்தையில் எழுதி முடித்துவிட்டார்களாம்.

மூட்டை மூட்டையாக வந்த அந்த சிடிகளை உருக்குவதற்குச் செலவு அதிகம் என்று பழைய சாமான் வியாபாரி காஜா மைதீன் கண்டுகொண்டார். அது கம்புக் கதிர் பால் பிடிக்கிற நேரம். படைக்குருவி வந்து இறங்கினால் காடு மொட்டை. சிடியை நூலில் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளிச்சென்று அடித்துக் குருவி கிட்டே வராது என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த வித்தை. ஆகவே காஜா மைதீன் வண்டியை நிறுத்திய அன்றைக்கே ஊர் முழுக்க அள்ளிக்கொண்டு போனது. காட்டில் கட்டினார்கள், மிச்சத்தை வாசலில் திருஷ்டிப் பூசணிக்குப் பக்கத்தில் கட்டினார்கள், பைக்கின் முன்னால் கட்டினார்கள், பசு மாட்டின் கழுத்தில் கட்டினார்கள். மைக்செட் வாடகைக்கு விடுகிற நானும், சொரிமுத்து என்று பெயர், என் வீட்டு மொட்டை மாடியில் சரம் சரமாகக் கட்டினேன். பாட்டு உள்ள சாமான் இது, ஒருதடவை போட்டுக் கேட்போம் என்று பாட்டை வைத்தே கஞ்சி குடிக்கிற எனக்கே தோன்றவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன.

தோன்றியது ஒரே ஆளுக்கு. எஸ்தரக்கா கோயில் கொடைத் திருவிழாக்களில் கிதார் வாசிப்பவள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில், மற்றபடி அம்மன் கோயிலோ சுடலைமாடன் கோயிலோ எங்கே மேடை போட்டாலும் அவளுடைய மெல்லிசைக் குழு உண்டு, எங்கே அவள் உண்டோ அங்கே என் மைக்செட்டும் உண்டு. தனி ஆள், நாற்பது தாண்டியவள், கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊரே களைத்துப்போய்க் கேட்பதை விட்டிருந்தது. சிடி மூட்டைக்கு நடுவில் நின்று ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தம்பி, இதுல என்ன பாட்டு இருக்கும்?"

"பாட்டா? குருவி வெரட்டுத சாமானுக்கா அது."

"குருவிக்குப் பிடிக்கலேன்னா நல்ல பாட்டாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு, ஒன்றே ஒன்றை முந்தானையில் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டிய சிடியெல்லாம் காற்றில் சுற்றிச் சுற்றி வெயிலை ஊர் மேல் இறைத்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், கொடைக் கமிட்டித் தலைவர் கொம்பையா அண்ணாச்சி காலையில் குளத்தங்கரைப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது, தனக்கு முன்னால் நீளமாக விழுந்து கிடந்த தன்னுடைய நிழல் குதிகால் செருப்புப் போட்டிருப்பதைப் பார்த்தார். தோளில் கிடந்தது துண்டு. நிழலில் அது இறகு மாலையாக இருந்தது. கையில் சொம்பு, நிழலில் அது கிதார். அவர் நின்றார், நிழல் நிற்கவில்லை, இடுப்பை ஒருபக்கம் ஒடித்து, தலையைச் சிலுப்பி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிறகுதான் நின்றது. கறுப்பு நிழல்தான்; ஆனால் கன்னம் இருக்கவேண்டிய இடத்தில் மண் பொடிப்பொடியாக மின்னியது. அண்ணாச்சி மீசையை முறுக்கினார். நிழல் கண்ணுக்கு மை தீட்டியது.

இது அவருக்கு மட்டும் வந்ததல்ல. அன்று பொழுது ஏற ஏற ஊரில் எல்லோருக்கும் இதே கதைதான். பால்காரருக்கும் தபால்காரருக்கும், மூன்று பிள்ளை பெற்றவளுக்கும் நேற்றுப் பிறந்ததற்கும், வட்டிக் கடைக்காரருக்கும் வட்டி கட்டுகிறவர்களுக்கும், தலைக்கு ஒரு சீமைத் துரை காலடியில் கிடந்து ஆடினான். ஏன் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். மழை ஏன் வரவில்லை என்பதற்கே எங்கள் ஊரில் யாரும் பதில் சொன்னதில்லை.

முதலில் வெட்கம் பிடுங்கித் தின்றது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிற ஆட்களுடைய நிழல் இடுப்பை ஆட்டி நடந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? உச்சிப்பொழுதில் நிழல் சுருங்கிக் காலுக்கடியில் ஒடுங்குமே, அந்த நேரத்தில் மட்டும் வெளியே வந்து அரிசி பருப்பு வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தை ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்து நடத்தினார்கள். யார் பேசுவது என்று தெரியாததால் முதன்முறையாக எல்லோரும் உண்மை பேசினார்கள் என்று கேள்வி. எலுமிச்சம்பழம் சுற்றி அறுத்துப் பார்த்தார்கள், நிழல்கள் அதையும் வாங்கித் தலையில் சூடிக்கொண்டன. சிடியை அவிழ்த்துப் பார்ப்போமா என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் கம்பு நன்றாக விளைந்திருந்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் பஸ் பஞ்சராகி நின்றது, அதிலிருந்து இறங்கிய கல்லூரிப் பெண்கள் சிலர் வெயிலில் எங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எவ்வளவு அழகா இருக்கு!" என்று போனில் படம் எடுத்தார்கள். அவ்வளவுதான். வெளியூர்க்காரன் வாயிலிருந்து 'அழகு' என்று வந்துவிட்டால் எங்கள் ஊர் தன் கண்ணைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிடும். அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவர்கள் மறுநாள் விடியலிலேயே, நிழல் நீளமாக விழுகிற நேரம் பார்த்து, சலவைச் சட்டையில் தெருவில் நடந்தார்கள். டிவிக்காரர்கள் வந்தார்கள். "எங்க முன்னோர் காலத்துலேந்தே இப்படித்தான்" என்று கொம்பையா அண்ணாச்சி பேட்டி கொடுத்தார், பின்னால் அவர் நிழல் காமிராவுக்கு முத்தம் பறக்கவிட்டது.

பெருமை என்று வந்துவிட்டால் அடுத்தது என்ன, மேலே யார் கீழே யார் என்பதுதான். ஒன்றே போல இருந்த நிழல்களில் எப்படித்தான் வித்தியாசம் கண்டுபிடித்தார்களோ! இவன் நிழலுக்குக் குதிகால் இரண்டு விரல் கூட, அவன் நிழலுக்கு இறகு அடர்த்தி, மேலத்தெரு நிழல்களுக்கு ஜிகினா இயற்கையாகவே ஜாஸ்தி, கீழத்தெருக்காரர்களுடையது வெறும் கண்ணாடிப் பொடி என்று ஆளுக்கு ஒரு சாத்திரம் சொன்னார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜி ஆறிப்போவதைக் கூடப் பார்க்காமல் பெண்ணை முற்றத்து வெயிலில் நிறுத்தினார்கள். ஜாதகம் பத்தும் பொருந்திய ஒரு சம்பந்தம், பையன் நிழல் கிதாரை இடது கையால் வாசிக்கிறது என்று முறிந்துபோனது. ஒருவன் நிழலை ஒருவன் மிதித்துவிட்டான் என்று வெட்டுக்குத்து வரை போனது. ஜோசியர் பழைய கட்டங்களை மூட்டை கட்டிவிட்டுத் தெருவில் குந்தி நிழல் பார்த்துப் பலன் சொல்ல உட்கார்ந்தார், அதுவும் பலித்தது, எங்கள் ஊரில் எது சொன்னாலும் பலிக்கும்.

சாலையோரத்துப் புளியமரங்களுக்கு அடியில் நடந்தால் மரநிழலில் ஆள் நிழல் தெரியாமல் போகிறது என்று ஒரு குறை எழுந்தது. வெட்டினார்கள். பள்ளிக்கூடத்து வேம்பையும் கோயில் அரசையும் வெட்டினார்கள். சாமிக்கு என்ன செய்தோம் என்ற கேள்வி வரவே, ஒரு சிடியை மஞ்சள் நீராட்டிச் சந்தனமாரி அம்மனுக்குப் பின்னால் சக்கரம் என்று பொருத்தி, குங்குமம் அப்பி, எண்ணெய் ஊற்றி, வெள்ளிக்கிழமை தோறும் பால் அபிஷேகம் நடத்தினார்கள். பாட்டு அதற்குள் இருந்துகொண்டு பாலில் குளித்தது. ஊர் முழுக்கக் கைகூப்பியது, ஒரு காதும் அதன் பக்கம் திரும்பவில்லை.

எஸ்தரக்காவின் நிழல் மட்டும் மாறவில்லை. பழைய நிழல், பின்கொசுவம் தெரிகிற, கொஞ்சம் கூன் விழுந்த, செருப்பில்லாத நிழல். அவள் சிடியை எங்கும் கட்டவில்லை, பழைய பிளேயரில் போட்டுக் காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் போகிறவர்களுக்கு அது காதில் விழும், என்னமோ இங்கிலீஷ் என்று போய்விடுவார்கள். வெட்கப்பட்ட நாட்களில் அவள் ஒருத்திதான் நிம்மதியாக வெளியே போய் எல்லார் வீட்டுக்கும் தண்ணீரும் மண்ணெண்ணெயும் வாங்கி வந்து கொடுத்தாள். பெருமை வந்த பிறகு அதே ஊர் அவளைப் பார்த்து முகத்தைச் சுளித்தது. அவள் நிழல் பட்டால் ஜிகினா உதிர்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவளுடைய கீபோர்டுக்காரனும் டிரம்ஸ்காரனும், எங்கள் நிழலைப் பார்க்கவே கூட்டம் வருகிறதே, வாசித்துச் சாகவேண்டியது என்ன என்று விலகிக்கொண்டார்கள். நானும் என் பாக்ஸ்களை அவளுக்குத் தருவதை நிறுத்தினேன்; பேர் கெட்டுவிடும் பாருங்கள்.

கொடைக்குப் பந்தக்கால் நட்ட அன்றைக்குக் கொம்பையா அண்ணாச்சி கமிட்டியோடு அவள் வீட்டு வாசலுக்கு வந்தார், கூட்டத்துக்குப் பின்னால் நானும் நின்றேன். வீடு கோயிலுக்குச் சொந்தமானது, அவள் அப்பா காலத்திலிருந்து குடியிருப்பு.

"ஏ எஸ்தரு, இந்த வருசம் மெல்லிசை கெடையாது. ஜின்னிங் மில்லுச் சொவரு இருக்கு பாரு, மேற்கப் பாத்து நிக்கது, அதுல சுண்ணாம்பு அடிச்சிருக்கோம். ரெண்டாம் நாள் சாயங்காலம் ஊரே அதுக்கு முன்ன வந்து நிக்கும், நெழலு ஆடும். மந்திரி வாராரு."

"பாட்டு இல்லாமலா அண்ணாச்சி ஆடும்?"

"பாட்டு எதுக்கு? நெழலப் பாக்கவா பாட்டக் கேக்கவா? அது கெடக்கட்டும். ஊருக்குள்ள ஒன் நெழலு ஒண்ணுதான் அம்மணமா அலையுது. மந்திரி வந்து பாத்தா எங்களுக்குல்லா அசிங்கம். கொடைக்குள்ள அதுக்கு ஒரு வழி பண்ணு. சிடிய எடுத்து வாசல்ல கெட்டு, சரியாப் போவும். இல்லேன்னா வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிரு. நான் மொறையாச் சொல்லுதேன், பொறவு கொம்பையா சொல்லலன்னு சொல்லாத."

எஸ்தரக்கா உள்ளே பார்த்தாள். பிளேயரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அதுல கடைசிப் பாட்டு ஒண்ணு இருக்கு. அத நீங்க கேட்டியளா?"

"கும்பிடுதோம்லா, அது போதாதா?"

"என்ன பாடுதான்னு சொல்லட்டுமா?"

"வேண்டாந்தாயி" என்று அவர் நடந்துவிட்டார். அவர் நிழல் மட்டும் வாசல்படியில் ஒரு கணம் தயங்கியது. நான் அதைப் பார்த்தேன். கண்ணில் ஏதோ தூசி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது, அது ஊருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு மாரிக்கனி மனசு கேட்காமல் நூலும் கையுமாக வந்தாள். "கெட்டுனா என்னக்கா, ஒனக்கு என்ன கொறஞ்சு போவும்? நாலு பேரு மாதிரி நாமளும் இருந்துட்டுப் போவோமே" என்று அழுதாள். எஸ்தரக்காவும் ஒருநாள் சிடியைப் பிளேயரிலிருந்து எடுத்தாள். நடுத்துளையில் நூலைக் கோர்த்தாள். ஜன்னல் கம்பியில் கட்டினாள். அது ஒரு சுற்றுச் சுற்றி வெயிலை வாரி அவள் காலடியில் கொட்டியது, அவள் நிழலின் குதிகால் லேசாக மேலே எழும்பியது. வீட்டுக்குள் சத்தமே இல்லை. அப்படி ஒரு சத்தமில்லாமையை அந்த வீடு அதுவரை அறிந்ததில்லை என்று மாரிக்கனி என்னிடம் சொன்னாள். எஸ்தரக்கா நூலை அறுத்து, சிடியைத் துடைத்து, திரும்பப் பிளேயரில் போட்டுவிட்டுப் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள்.

கொடை இரண்டாம் நாள். மந்திரி வரவில்லை, அவருக்குப் பதில் அவருடைய ஆளுயரப் படம் வந்தது, அதற்கு மாலை போட்டோம். ஊர் மொத்தமும் ஜின்னிங் மில் சுவருக்கு முன்னால் மேற்கே முதுகைக் காட்டி நின்றது. மஞ்சள் வெயில் பின்னாலிருந்து அடிக்க, சுண்ணாம்பு அடித்த சுவரில் தெருத் தெருவாக, தராதரப்படி, முன்வரிசையில் மேலத்தெருவும் கடைசியில் கீழத்தெருவுமாக நிழல்கள் எழுந்து நின்றன. ஆடின. ஆடியதுதான், ஆனால் இத்தனை ஆயிரம் குதிகால் ஓசையில்லாமல் விழுந்து எழுவதைப் பார்க்கப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள், தன் தன் நிழலைப் பார்த்து மட்டும்.

அப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. பின்னால் எஸ்தரக்காவின் கட்டில், சாக்கு, பிளேயர், ஒரு அடுப்பு, அவ்வளவுதான் வீடு. அவள் கிதாரோடு இறங்கினாள்.

"அண்ணாச்சி, சாவிய இந்தாங்க. ஒரே ஒரு பாட்டு வாசிச்சிட்டுப் போயிருதேன். எங்கப்பா காலத்துலேந்து இந்தக் கொடையில எங்க வீட்டு வாசிப்பு இல்லாம இருந்தது இல்ல."

அண்ணாச்சிக்கு அன்றைக்கு நல்ல மனசு, சாவி கையில் இருந்தது. "ஓரமா நின்னு வாசிச்சுக்கோ. யாரு கேக்கப்போறா" என்றார்.

நான் ஒரு மைக்கைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். கைதான் வைத்தது, நான் வைத்தேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

அது அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அவளாகவே தமிழாக்கி வைத்திருந்தாள். டிரம்ஸ் இல்லை, கீபோர்டு இல்லை, ஒரு கிதாரும் அவளுடைய கரகரத்த குரலும்தான். ஊரெல்லாம் கைதட்டி ஓய்ந்த பிறகு, மேடைக்குப் பின்னால் விளக்கில்லாத அறையில், ஜிகினா அரிக்கிற கன்னத்தோடு ஒரு கிழவன் பாடுகிறான்: ரொம்ப நேரமா நின்னுட்டேன், காலு வலிக்கு, இந்தச் செருப்பக் கழட்டிட்டா நானும் ஒன் ஒசரந்தான், அப்பவும் என்னப் பாப்பியா?

அவ்வளவுதான் பாட்டு. இதைப் பாடியதற்குத்தான் அவன் ஊர்க்காரர்கள் "இன்னுமா?" என்று எழுதி மூட்டை கட்டி எங்களுக்கு அனுப்பினார்கள், நாங்கள் அதைக் குருவிக்குக் காட்டினோம்.

முதல் வரியிலேயே சுவரில் ஆட்டம் நின்றது. இரண்டாவது வரியில், யாருடைய நிழல் முதலில் என்று இன்றுவரை சண்டை இருக்கிறது, ஒரு நிழல் குனிந்து வலது கால் செருப்பைக் கழற்றியது. பிறகு அதற்குப் பக்கத்து நிழல். பிறகு வரிசை வரிசையாகச் சுவர் முழுக்கக் குனிந்தது, நாங்கள் எல்லோரும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தோம். இறகு மாலைகளை எடுத்துக் கீழே வைத்தன. கன்னத்தைத் துடைத்துக்கொண்டன. மேலத்தெரு நிழலும் கீழத்தெரு நிழலும் ஒரே உயரத்தில், வெறுங்காலோடு, சுவரின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எஸ்தரக்கா இருந்த பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்டன. அவை அழுதனவா என்று தெரியாது, நிழல் அழுதால் ஈரம் தெரிவதில்லை.

"என்ன எழவு இது, எந்திரிங்கல!" என்று கொம்பையா அண்ணாச்சி சுவரைப் பார்த்துக் கத்தினார். அவர் நிழல் அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

பாட்டு முடிந்தது. எஸ்தரக்கா கிதாரை உறையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். வண்டி கிளம்பியதும் நிழல்கள் எழுந்தன, சுவரிலிருந்து இறங்கின, எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து, எங்களைத் தொடாமல், வெட்டிய புளியமரங்களின் மொட்டைத் தூர்களைத் தாண்டி, மெயின் ரோட்டில் அவள் வண்டிக்குப் பின்னால் நடந்துபோயின. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன்னுடையது மட்டும் நின்றுவிடும் என்று காத்திருந்தோம். எதுவும் நிற்கவில்லை.

ஊர் ஒப்பாரி வைத்தது, நிஜமாகவே வைத்தது, பந்தியில் போட்ட சோறு அப்படியே காய்ந்தது. திருடி என்றார்கள். செய்வினை என்றார்கள். போலீசில் எழுதிக் கொடுக்கப் போனபோது, என்ன காணாமல் போனது என்று கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாமல் திரும்பினார்கள். வெயிலில் நின்றால் காலடியில் ஒன்றுமில்லை, வெறும் மண். மாடு கூட எங்களைப் பார்த்து மிரண்டது. கட்டிய சிடிகள் அப்படியே தொங்கின, சுற்றின, மினுங்கின, ஒருவருக்கும் எதுவும் முளைக்கவில்லை.

ஆனால் எங்கள் ஊரைச் சாமானியமாக எடைபோட்டுவிடாதீர்கள். ஆடி பிறப்பதற்குள் ஜோசியர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்: தேவர்களுக்கு நிழல் விழாது. கண் இமைக்காது, மாலை வாடாது, நிழல் விழாது என்று புராணத்தில் இருக்கிறதே! பேய்க்கும் நிழல் கிடையாது என்பது அதே புராணக்காரர்கள் சொன்னதுதான், அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. தேவர்கள் வாழும் உப்போடை தங்களை வரவேற்கிறது என்று ஊர் எல்லையில் வளைவு கட்டினார்கள். கொம்பையா அண்ணாச்சி கண்ணை இமைக்காமல் உட்காரப் பழகி, கண் சிவந்து, டாக்டரிடம் போய்ச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வந்தார். மரமில்லாத ஊரில் வெயில் மண்டையைப் பிளந்தது, தேவர்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

எஸ்தரக்கா தூத்துக்குடியில் உப்புக் குடோன்களுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் இருக்கிறாள் என்று காஜா மைதீன் சொல்லக் கேட்டு, மைக்செட் சாமான் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் போனேன். குடோன் சுவர் நீளமானது, வெள்ளை. அதன் முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் இல்லை. சுவர் முழுக்க எங்கள் ஊர் உட்கார்ந்திருந்தது, வெறுங்காலோடு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, சிறுசுகள் மடியில் சாய்ந்துகொண்டு, நாங்கள் எந்தக் காலத்திலும் உட்காராத விதமாக. அவளுடைய நிழல் அவள் காலடியில் பழையபடி கூன் போட்டுக் கிடந்தது.

என்னுடையதைத் தேடினேன். எல்லாம் ஒன்றுபோல இருந்ததால் நேரம் ஆனது. கடைசியில், சாக்கடைப் பக்கத்து மூலையில், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒன்றைத் தோள் சரிவை வைத்து அடையாளம் கண்டேன். கிட்டே போய், "ஏல, வீட்டுக்கு வால" என்றேன். அது திரும்பவில்லை. இன்னொருமுறை கூப்பிட்டேன்.

"தம்பி, பாட்டு முடியட்டும்" என்றாள் எஸ்தரக்கா, வாசிப்பதை நிறுத்தாமல். "நீயும் உக்காரு."

உட்கார்ந்திருக்கலாம். கடைசி பஸ் போய்விடும் என்று நினைவு வந்தது, வந்துவிட்டேன்.

ஊருக்குள் இறங்கியதும் தேவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் எங்கே போனேன் என்று எப்படியோ தெரிந்திருந்தது. எஸ்தர் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. நிழல்கள் திரும்பி வருமா என்று கேட்கவில்லை. அது என்ன பாட்டு, என்னதான் சொல்கிறது என்று அப்போதும் ஒருவரும் கேட்கவில்லை. கொம்பையா அண்ணாச்சி சொட்டு மருந்து வழிகிற கண்ணால் என்னைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, ஒன்றே ஒன்று கேட்டார்.

"சொரிமுத்து, உள்ளதச் சொல்லு வே. அங்க முன் வரிசையில யாரு நெழலு உக்காந்திருக்கு?"

"என் நெழலுதான் அண்ணாச்சி" என்றேன்.